பொட்டு வைத்த நட்டு

ஒரே உதை. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது!

என்னாலேயே நம்ப முடியவில்லை. பதினோரு மாத ஞாயிற்றுக்கிழமைகள்... காயலான் கடையில் குப்புறக் கிடந்த பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் அது. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது, வண்டிதான் சரியாக இல்லை. அதை வாங்கி வந்து கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, திரும்பப் பூட்டினேன். போன விஜயதசமி காலையில், தெருவே வேடிக்கை பார்க்க வரும்படி அது 'பட பட பட' என்று உயிர் பெற்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் பைக் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரமேரூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு வீடு, வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஒரு ஷெட். முன்பு அந்த ஷெட்டில் உர மூட்டைகள் இருந்தன. இப்போது மூட்டைகள் ஹாலில் இருக்கின்றன, ஷெட்டில் நான் இருக்கிறேன். இந்த இடமாற்றம் பற்றி என் மனைவி கலாவிடம் மட்டும் யாரும் பேச்செடுக்காதீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவன். என்னைப் போல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். வாரம் முழுக்க வெள்ளைச் சட்டை, ஞாயிறு வந்தால் முழங்கை வரை கிரீஸ். கடையில் கொடுத்தால் பத்து நாளில் முடித்துக் கொடுப்பார்கள். நாங்கள் ஒரு வருஷம் இழுப்போம். ஏன் இந்த வேண்டாத வேலை? கடைக்காரர் செய்து கொடுத்தால் அது வண்டி. நானே செய்தால் அது என் வண்டி. இதற்கு மேல் விளக்கம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வேலை செய்கிறவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. போன ஞாயிறு எந்த நட்டை ஸ்பேனர் போட்டு முழுசாக முறுக்கினோம், எதைச் சும்மா கையால் திருகி விட்டோம் என்பது இந்த ஞாயிறு நினைவில் இருக்காது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். முழுசாக முறுக்கிய நட்டின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். சிவப்பு நிறம். கலாவின் பாட்டில்தான். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, பொட்டு இல்லை என்றால் பாக்கி இருக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு நிறையப் பெருமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கலாவிடம் மட்டும் சொல்லவில்லை. பாட்டிலைக் கேட்காமல் எடுத்திருந்தேன், எப்படிச் சொல்வது?

ஆயுத பூஜை அன்று காலை நிலவரம் இதுதான். வண்டியில் பின் சக்கரத்து ஆக்சில் நட்டு ஒன்று மட்டும் பாக்கி. செயினின் தொய்வைச் சரி பார்த்த பிறகுதான் அதை முறுக்க வேண்டும். அதுவரைக்கும் கையால் திருகி விட்டிருந்தேன். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பதே அந்த நட்டுதான். பெரிய ரிங் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்காரப் போனேன். கலா வந்து ஸ்பேனரைப் பிடுங்கினாள்.

"ஆயுத பூஜையன்னிக்கு யாராச்சும் ஆயுதத்தத் தொடுவாங்களா? குடுங்க இப்டி."

"அஞ்சே நிமிஷம் கலா. ஒரே ஒரு நட்டு."

"பதினோரு மாசமா முடிக்காதத அஞ்சு நிமிஷத்துல முடிக்கப் போறீங்களா? சாமிக்கு வெச்சா நாளைக்கு மறுபூஜை போட்டுட்டுத்தான் எடுக்கணும். போய்க் குளிங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தொடுவோம். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். நாளைக்குத்தானே... பொட்டு இல்லாத நட்டு, பார்த்ததும் நினைவு வந்துவிடும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பொரி, கடலை, சுண்டல். பைக்குக்கு மாலை. கலா ஒரு கிண்ணத்தில் குங்குமத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனதைப் பார்த்தேன். நான் சுண்டலில் இருந்தேன்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி மறுபூஜை முடிந்ததும்தான் அந்த ஒரே உதை.

சத்தம் கேட்டுப் பால்காரர் நின்றார். எதிர் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த சம்பந்தியும் வந்தார். நான் கார்புரேட்டரில் தொடங்கி சைலன்சர் வரைக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மோசஸ் வந்தார், கூடவே அவர் மகள் ரூபி.

மோசஸ் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர். காலனியில் வீடு. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தார். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தார். இப்போது அறுப்புக் காலத்தில் மிஷினுக்காக நான்தான் மோசஸுக்கு நாலு முறை போன் போட்டுக் காத்திருக்கிறேன். ஆனாலும் நான் அவரை 'வா, போ' என்பேன். அவர் என்னை 'சார், வாங்க' என்பார். இதை எழுதும்போதுதான் 'அவர்' வருகிறது.

ரூபிக்கு அன்று வேலையில் முதல் நாள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்த பெண். செங்கல்பட்டில் புதிதாகத் திறக்கிற ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. விஜயதசமி அன்று திறப்பு விழா, ஒன்பதரைக்கு அங்கே இருக்க வேண்டும். மோசஸின் பைக்கை அவர் தம்பி எடுத்துப் போய்விட்டதால் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

விடுவேனா?

"பஸ்ஸா? லீவு நாள்ல எந்த பஸ்ல இடம் கிடைக்கும்? இதை எடுத்துட்டுப் போ மோசஸ்!"

"வோணாம் சார். புச்சா கட்ன வண்டி. நீங்களே மொதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

"முதல் வேலைக்குப் போற பொண்ணு, முதல் ஓட்டம் போற வண்டி... இதைவிட நல்ல நேரம் எது? நான் கட்டின வண்டி மேல நம்பிக்கை இல்லையா?"

நாலு பேர் நிற்கும்போது இப்படிக் கேட்டால் பாவம் மோசஸ் என்ன சொல்வார்? நான் விடவில்லை. அலட்சியமாகக் கொடுத்துவிடவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். குனிந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தேன். முன் சக்கரத்தில் பொட்டு. இன்ஜினில் பொட்டு. பின் சக்கரத்திலும் பளிச்சென்று சிவப்புப் பொட்டு. எல்லாம் முடிந்தது!

மோசஸ் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து முன்னால் ஓர் அடி தள்ளினார், பின்னால் ஓர் அடி இழுத்தார். ஏதோ கீழே விழுந்த மாதிரி குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு மகளிடம், "நீ நடந்து வாம்மா, மொனைல ஏத்திக்கறேன்" என்றார்.

"ஏன் நடக்கணும்? ஏறும்மா ரூபி, ஏறு ஏறு!" என்றேன் நான்.

ரூபி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏறிவிட்டாள். மோசஸ் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து போனார்.

"என்ன மோசஸ், மாட்டு வண்டியா ஓட்டறே? முறுக்குய்யா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

கூட்டம் கலைந்தது. உள்ளே போய் நாஷ்டாவை முடித்தேன். பூஜையில் இருந்த சாமான்களை எடுத்து டப்பாவில் போடலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகச் சந்தனத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். பெரிய ரிங் ஸ்பேனர் கைக்கு வந்தது. அதிலும் சந்தனம் இருந்தது. வைத்த பொட்டு வைத்தபடி, காய்ந்து, கலையாமல் இருந்தது.

அந்த ஸ்பேனருக்கு இந்த வண்டியில் ஒரே ஒரு வேலைதான்.

அப்படியானால் நான் பின் சக்கரத்து நட்டை எப்போது முறுக்கினேன்?

"கலா... நேத்து வண்டியில எங்கெல்லாம் பொட்டு வெச்சே?"

"எல்லா இடத்துலயும்தான். நீங்களே அழகா சின்னச் சின்னதா நட்டுக்கெல்லாம் வெச்சிருந்தீங்க. பின்னாடி ஒண்ணே ஒண்ணு வுட்டுப் போயிருந்திச்சு. ஒண்ணு மட்டும் மூளியா இருக்கக் கூடாதுன்னு அதுக்கும் வெச்சேன். உங்களுது மாதிரியே வெச்சேன், நல்லா இருந்துச்சில்ல?"

நல்லா இருந்தது. அச்சாக என்னுடையது மாதிரியே இருந்தது.

கையால் திருகி விட்ட நட்டு ஓடுகிற வண்டியில் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். சக்கரம் ஒரு பக்கம் சாயும். செயின் கழன்று சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவரையும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரையும் தூக்கி எறிந்துவிடும். நான் 'முறுக்குய்யா' என்று வேறு கத்தியிருக்கிறேன்.

மோசஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. கலாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு ரோட்டில் பறந்தேன்.

நான் பெரிய பக்திமான் இல்லை. அன்று எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. மோசஸ் கும்பிடுகிற ஏசுவையும் கூப்பிட்டேன். அவர் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு நம்பிக்கை. கண் முழுக்க ரோட்டின் மேல்தான். எங்கேயாவது ஒரு நட்டு கிடக்கிறதா, எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா... ஒவ்வொரு வேகத்தடையிலும் இந்தக் குலுக்கலுக்கு நட்டு தாங்கியிருக்குமா என்று கணக்குப் போட்டேன்.

ஊர் தாண்டி ஒரு வளைவு. திரும்பியதும் ரோடு முழுக்கச் சிவப்பு!

ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். பூசணிக்காய். முந்தின நாள் யாரோ லாரிக்கோ டிராக்டருக்கோ சுற்றி உடைத்தது. உள்ளே குங்குமம் கொட்டியிருந்ததால் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன்.

அப்போது போன் அடித்தது.

"சார், இன்னா அவ்ளோ ஸ்பீடா போறீங்க? எங்களத் தாண்டிக்கினு போனீங்களே. கத்திக் கத்திக் கூப்ட்டேன், காதுலயே வாங்கல."

"எங்க... எங்க இருக்கே மோசஸ்?"

"நம்ம தெரு மொனையாண்ட சார். பஞ்சர் கடைல. கை பூரா கிரீஸு, அதான் போன் எடுக்கல."

"ரூபி?"

"இங்கதான் பெஞ்சு மேல குந்திக்கினு கீறா."

ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். இந்த முறை சொல்லிக்கொள்ளப் புகை இல்லை.

அவர்கள் எங்கள் தெருவைத் தாண்டவே இல்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு போன நான் ஓரத்தில் இருந்த கடையைப் பார்க்காமல் தாண்டியிருக்கிறேன்.

திரும்பி வந்தேன். பஞ்சர் கடை வாசலில் வாழைக்கன்று, மாவிலை. வண்டி ஸ்டாண்டில் நின்றது. மோசஸ் வேஸ்ட் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா காத்து புடிக்க நிறுத்தினேன்."

பொய்! எனக்காகச் சொன்ன பொய். நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து ரூபி எழுந்து வந்தாள்.

"காத்து இல்ல அங்கிள். பின் வீல் நட்டு அப்பா கைய வெச்சதும் கழண்டு வந்துச்சு. செயின் தொங்கிக்கினு இருந்துச்சு. கேட்டாண்டயே அப்பாவுக்குத் தெரியும்."

"ரூபி, கம்முனு இரு."

"எதுக்குக் கம்முனு இருக்கணும்? ஏறாதன்னு அப்பா எனக்குக் கண்ணாலயே சொன்னாரு. நீங்க ஏறு ஏறுன்னீங்க. அத்தினி பேரு பாத்துக்கினு இருந்தாங்க, நான் இன்னா பண்ணுவேன்? இனிமே வண்டி கட்டினா மொதல்ல நீங்க ஓட்டிப் பாருங்க அங்கிள். அப்புறம் மத்தவங்களுக்குக் குடுங்க."

பஞ்சர் கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மோசஸ் தலை குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், பழக்க தோஷம். வரவில்லை. அந்தப் பெண் என் முன்னால் முழுசாக நின்று என்னைத் திட்டுகிறாளே, அதுவே போதும் என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

கடைக்காரரின் சாமான்களும் இன்னும் பூஜையில்தான் இருந்தனவாம். மறுபூஜை போடவில்லை. மோசஸ் கேட்டதும் சந்தனத்தோடு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். "உசுரு போற மேட்டரு சார். சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?" என்றார் அவர்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் சாவியை மோசஸிடம் கொடுத்தேன். அவர்கள் அதில் கிளம்பினார்கள். கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு மோசஸ் சொன்னார்: "பயப்படாம ஓட்டிக்கினு போங்க சார். செயினும் சரி பண்ணிட்டேன், நல்லா டைட்டும் பண்ணிட்டேன்."

அவர்கள் போனதும் அந்த வண்டியின் பக்கத்தில் நின்றேன். பதினோரு மாதம் நான் கட்டிய வண்டி. ஏறி உட்காரப் பயமாக இருந்தது! கொஞ்ச நேரம் முன்னால் அடுத்தவர் மகளை ஏறு ஏறு என்று ஏற்றி உட்கார வைத்தவன் நான். மோசஸ் கை பட்டிருக்கிறது என்கிற ஒரே தைரியத்தில் ஏறி, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் வண்டி அருமையாக ஓடியது.

ரூபி பத்து நிமிஷம் லேட்டாகப் போனாளாம். ரிப்பன் வெட்ட வேண்டியவர் ஒரு மணி நேரம் லேட். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் கலா அழுதுவிட்டாள். தன்னால்தான் என்றாள். "நீ பொட்டுதான் வெச்சே, வண்டியைக் கொடுத்தது நான்" என்றேன். சாயங்காலம் ரெண்டு பேரும் மோசஸ் வீட்டுக்குப் போனோம். இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியது அதுதான் முதல் முறை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள், டீ கொடுத்தார்கள். ரூபி புது லேபில் இருக்கிற மிஷின்களைப் பற்றிக் கலாவிடம் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கை கால் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் இல்லை. இந்தக் குழந்தை இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

மோசஸிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கேட்லயே தெரிஞ்சுதே, ஏன் அங்கயே சொல்லல?"

"வுடுங்க சார். ஆனது ஆயிப்போச்சு."

"இல்ல, சொல்லு."

டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பிடித்தபடியே சொன்னார்.

"உங்க மூஞ்சியப் பாத்தேன் சார். அவ்ளோ சந்தோஷமா இருந்திச்சு. பத்து பேரு முன்னாடி எப்டி சொல்றது? மொனை வரிக்கும் உருட்டிக்கினு போய்ட்டா அப்பால பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"அதுக்காக..."

"அதுமட்டுமில்ல சார். போன மாசம் நீங்க பிஸ்டன் ரிங்கு போடறப்ப, மேல் கீழா மாத்திப் போடறீங்க போல கீதுன்னேன். நீ மிஷின் ஓட்டறவன், பைக்கப் பத்தி உனுக்கின்னா தெரியும்னீங்க. அத்தொட்டுத்தான் இன்னிக்கும் நான்..."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நான் அப்படிச் சொன்னேனா? எனக்கு நினைவே இல்லை. ஆனால் அதற்கு அடுத்த ஞாயிறு இன்ஜினை மறுபடி பிரித்து, ரிங்கை மாற்றிப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. நானே கண்டுபிடித்ததாக ஊர் முழுக்கச் சொன்னதும் நினைவிருக்கிறது!

அன்று ராத்திரி முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நட்டு கழன்றிருந்தது ஒரு விஷயமே இல்லை. முறுக்கினால் சரியாகிவிடும். ஒருவர் தன் மகளோடு அந்த வண்டியில் ஏறும் நிலையிலும் 'உன் சக்கரம் ஆடுது' என்று என் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு ஆளாக நான் எப்போது ஆனேன்? நான் யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. சிரித்துச் சிரித்துத்தான் பேசுவேன். சிரித்துக்கொண்டே எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன்?

வெறும் பைக் விஷயமா இது? வீட்டில் கலா, ஆபீசில் ஜூனியர்கள்... ஏன், நீங்களேகூட! இந்தப் பத்தியில் எத்தனை வாரம் சக்கரம் ஆடியதோ? பார்த்துவிட்டு, 'பாவம், சந்தோஷமா எழுதறாரு' என்று பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். தயவுசெய்து இனிமேல் கடிதம் போடுங்கள்.

மோசஸுக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. என் முகம் வாடக் கூடாது என்று பார்த்தார், மகளும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்தார். ரெண்டையும் ஒரு தெரு முனைக்குள் சமாளித்தார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். அவர் கைக்கும், அவர் மகளின் வாய்க்கும் நான் இந்த ஜென்மம் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். அன்று இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் நான் இன்று உங்களோடு இப்படி அரட்டை அடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்று அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது மோசஸிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். ஞாயிறு வா, வண்டியை ஒரு முறை முழுசாகப் பார், என்ன தப்பு கண்ணில் பட்டாலும் நேரே சொல், யார் நின்றாலும் சொல் என்றேன். "வரேன் சார்" என்றார். வருவார் என்று எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

வந்தார்.

போன ஞாயிறு காலை. வாசலில் அதே எதிர் வீட்டுக்காரர், அதே பால்காரர். கலா கேட்டில் நிற்கிறாள். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மோசஸ் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன் சக்கரத்துக்கு நேர் எதிரே போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எழுந்தார். எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"இன்னாண்ணா இது, ஹேண்டிலு கோணலா கீது! இத்த வெச்சிக்கினா ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்ச?"

தெருவே சத்தம் போட்டுச் சிரித்தது. கலா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோசஸ் மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய் ஸ்பேனரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"கோணல்தாண்டா மோசஸ். நீயே நிமித்து!"